ஸ்கீ தெரியாத பெற்றோருக்குப் பனிமலையில் என்ன இருக்கிறது?

கேள்வியை அனுப்பியவர் சுவிஸின் பேர்ண் மாநிலத்தில் வசிக்கும் ஒரு தந்தை, வயது 44. பிள்ளைகள் இருவரும் பாடசாலை நடத்தும் ஸ்கீலாகர் முகாம்களுக்குப் போய் ஸ்கீ பழகிவிட்டார்கள். பெப்ரவரி விடுமுறையில் குடும்பமாக மலைக்குப் போனால், பிள்ளைகள் லிஃப்டில் ஏறி மறைந்துவிட, இவரும் மனைவியும் மேலே உள்ள உணவகத்தில் தேநீரை ஆறவைத்துக்கொண்டு மாலைவரை காத்திருக்கிறார்கள். இனி ஸ்கீயோ ஸ்னோபோர்டோ பழகும் எண்ணம் இல்லை. இவருக்கு இடது முழங்காலில் அவ்வப்போது வலியும் உண்டு. ஒரே நாளில் பழகக்கூடியதும், பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடியதுமான வேறு ஏதாவது பனியில் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

உண்டு. முதலில் மரச் சறுக்குவண்டி, அதாவது இங்கே எல்லோரும் ஷ்லிட்டன் என்று சொல்வது. அது பிடித்துப்போய், பிள்ளைகள் ஓடும் அதே ஸ்கீத் தடத்தில் நீங்களும் இறங்க விரும்பினால், அடுத்தது ஸ்கீபொப் எனப்படும் பனிச் சைக்கிள். இந்த இரண்டையும்தான் நான் பரிந்துரைப்பேன். மற்றவற்றைப் பற்றியும் கீழே சொல்கிறேன், ஆனால் அவை உங்கள் கேள்விக்குச் சரியான விடை ஆகா என்பது என் கருத்து.

இவை ஏன் எளிது என்பதை விளக்குவதற்கு முன், ஸ்கீ ஏன் கடினம் என்று பார்த்துவிடுவது நல்லது. ஸ்கீயில் உங்கள் இரண்டு கால்களும் வளைந்துகொடுக்காத கனத்த சப்பாத்துக்குள் பூட்டப்பட்டு, ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்கு ஓடக்கூடிய நீண்ட பலகையொன்றோடு பிணைக்கப்பட்டிருக்கும். வேகத்தைக் குறைப்பதற்கு அந்தப் பலகைகளின் உள்விளிம்புகளைப் பனியில் அழுத்த வேண்டும்; அதைச் செய்ய உடலின் எடையைச் சரிவின் கீழ்ப்பக்கமாக, அதாவது நீங்கள் பயப்படும் பக்கமாகவே, சாய்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைப் பழக்கும்போது, பலகைகளின் முனைகளைக் கூட்டி வைப்பதைப் ‘பிட்சா’ என்றும், இரண்டையும் நேராக ஓடவிடுவதைப் ‘பொம் ஃப்ரிட்’ (உருளைக்கிழங்குப் பொரியல்) என்றும் சொல்லிக்கொடுப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பிட்சா போடும். நாற்பதைத் தாண்டியவரின் உடலோ, சரிவைக் கண்டதும் தன்னை அறியாமல் பின்னால் சாய்கிறது. சாய்ந்த உடனே விளிம்பு பிடியை விடுகிறது. பலகை முன்னால் ஓடிவிடுகிறது. ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பக்கவாட்டாகக் கட்டப்பட்டிருப்பதால், முதல் இரண்டு மூன்று நாட்கள் இடுப்பின் பின்புறத்திலும் கைமணிக்கட்டிலும் விழுந்து விழுந்தே கழியும். இரண்டிலும் பொதுவான சங்கடம் ஒன்றுதான்: நின்றுகொண்டே ஓட வேண்டியிருக்கிறது, நிறுத்தும் உபாயமோ உடலின் இயல்புக்கு எதிராக இருக்கிறது.

உட்கார்ந்துவிட்டால் இந்தச் சங்கடத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். உடலின் எடைமையம் நிலத்துக்கு அருகில் வந்துவிடுவதால் சமநிலைக்காகப் போராட வேண்டியதில்லை. விழுந்தாலும் முப்பது நாற்பது சென்றிமீற்றர் உயரத்திலிருந்துதான் விழுவீர்கள். நிறுத்துவதற்கோ, குழந்தைப் பருவத்தில் சைக்கிளின் பிரேக் அறுந்தபோது என்ன செய்தீர்களோ அதையே செய்யலாம்: இரண்டு கால்களையும் நிலத்தில் ஊன்றுவது.

ஷ்லிட்டன் என்ற பெயரில் கடைகளில் வாடகைக்குக் கிடைப்பவை இரண்டு வகை. வேறுபாட்டை அறியாமல் எடுத்தால் நாள் முழுவதும் அவஸ்தைப்படுவீர்கள். பழைய வகை, டாவோஸ் ஷ்லிட்டன். ஆஷ் எனப்படும் மரத்தில் செய்யப்பட்டு, மேலே மரச்சட்டங்கள் பதித்த இருக்கையும், கீழே எஃகுப் பட்டை பொருத்திய இரண்டு சறுக்குக்கால்களும் கொண்டது. மூட்டுகள் எல்லாம் இறுக்கமானவை. சறுக்குக்கால்கள் பனியில் தட்டையாகப் படிந்து நேராக ஓடும், திருப்புவது கடினம். இரண்டாவது வகை, ரோடல். இதன் இருக்கை பட்டிகளால் பின்னப்பட்டிருக்கும். சறுக்குக்கால்கள் சற்றே வெளிப்பக்கமாகச் சரிந்து, உள்விளிம்பில் மட்டும் பனியைத் தொடும். மூட்டுகள் வேண்டுமென்றே தளர்வாக விடப்பட்டிருப்பதால் வண்டியே முறுக்கிக்கொண்டு வளையும். பார்வைக்கு டாவோஸ் வண்டிதான் அழகு, அஞ்சலட்டையில் வருவதும் அதுதான். புதிதாகப் பழகுபவர் ரோடலைக் கேட்டு வாங்க வேண்டும். வாடகை பொதுவாக நாளொன்றுக்குப் பத்திலிருந்து இருபது பிராங்க் அளவில் இருக்கும். பெரிய ஸ்கீ நிலையங்களில் ஒரு நாள் லிஃப்ட் சீட்டுக்கு மட்டும் 60 முதல் 90 பிராங்க் வரை கொடுக்க நேரும் என்பதையும், ஸ்கீ வாடகையும் ஆசிரியர் கட்டணமும் அதற்கு மேல் என்பதையும் எண்ணிப்பார்த்தால், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

டாவோஸ் என்ற மலையூரின் பெயர் வண்டிக்குச் சும்மா ஒட்டிக்கொண்டதில்லை. 1883 பெப்ரவரி 12 அன்று டாவோஸுக்கும் குளோஸ்டர்ஸுக்கும் இடையிலான நாலு கிலோமீற்றர் பாதையில், ஏழு நாடுகளைச் சேர்ந்த 21 பேர் கலந்துகொண்ட சறுக்குவண்டிப் போட்டி நடந்தது. உலகின் முதல் பன்னாட்டுச் சறுக்குவண்டிப் போட்டி என்று அதையே சொல்கிறார்கள். ஜோர்ஜ் ரொபர்ட்சன் என்ற ஆஸ்திரேலிய மாணவரும், பீற்றர் மின்ஷ் என்ற குளோஸ்டர்ஸ் தபால்காரரும் 9 நிமிடம் 15 வினாடியில் ஒன்றாக முதலிடம் பெற்றார்கள். கணக்குப் பார்த்தால் மணிக்குச் சராசரி 26 கிலோமீற்றர். இன்று நல்ல பாதையில், கொஞ்சம் பழகிய ஒருவர் பிரேக் போட்டுப் போட்டே அந்த வேகத்தைத் தொட்டுவிடுவார். இதை உங்களை உற்சாகப்படுத்துவதற்காக மட்டும் சொல்லவில்லை, எச்சரிக்கையாகவும் சொல்கிறேன். சறுக்குவண்டியில் பழகுவதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்து ஏறுபவர்கள்தான் கணுக்காலை முறித்துக்கொள்கிறார்கள். பழக வேண்டியது உண்டு. அது அரை மணி நேரப் பாடம், அவ்வளவே.

அந்த அரை மணி நேரத்தைப் பிரேக் போடுவதற்கே செலவிடுங்கள். வண்டியின் பின்பகுதியில் உட்கார வேண்டும், முதுகைச் சற்றே பின்னால் சாய்க்க வேண்டும், கயிற்றையோ இருக்கையின் ஓரத்தையோ கைகளால் பிடித்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைக்க, இரண்டு பாதங்களையும் வண்டியின் இருபுறமும் ஒரே நேரத்தில், அடிப்பகுதி முழுவதும் பனியில் படியும்படி வைத்து அழுத்த வேண்டும். பெரும்பாலானோர் குதிக்காலை மட்டும் குத்துவார்கள். அப்படிச் செய்தால் முகத்தில் பனி வாரியடிக்கும். குதிக்கால் கட்டியான பனியில் சிக்கினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். உங்கள் முழங்காலைப் பொறுத்தவரை இதுவே நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம். கால் நீட்டியபடி விறைத்திருக்கவும் கூடாது, வண்டிக்குக் கீழே மடங்கவும் கூடாது. திடீரென்று நிற்க வேண்டி வந்தால், பாதங்களை ஊன்றிக்கொண்டே வண்டியின் முன்பகுதியை இரு கைகளாலும் மேலே இழுங்கள். சறுக்குக்கால்களின் பின்முனைகள் பனியில் புதைந்து வண்டி சில மீற்றரில் நின்றுவிடும். இதைச் சமதரைக்கு அருகே உள்ள மெல்லிய சரிவில் பத்துத் தடவையாவது செய்து பார்த்த பின்பே மேலே போக வேண்டும். சப்பாத்துக்கு அடியில் கட்டிக்கொள்ளும் பல்லுள்ள பிரேக் பட்டைகளும் கடைகளில் உண்டு. பாதை இறுகி உறைந்திருக்கும் நாளில் அவை பெரிய துணை.

திருப்புவது அதைவிட இன்பமான பாடம். டாவோஸ் வண்டியில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கக் காலைப் பனியில் இழுத்தால் போதும். அந்தப் பக்கம் தாமதிக்க, வண்டி சுற்றிக்கொள்ளும். ரோடலில் மூன்று வேலைகள் ஒன்றாக நடக்க வேண்டும். இடப்பக்கம் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். வலக்காலால் வலப்பக்கச் சறுக்குக்காலின் முன்வளைவை உள்நோக்கி அழுத்துகிறீர்கள். இடக்கையால் கயிற்றை இழுக்கிறீர்கள். உடலின் எடையை இடப்பக்கம் சாய்க்கிறீர்கள். வண்டி முறுக்கிக்கொண்டு வளைவுக்குள் தானாக நுழையும். எழுத்தில் படிக்கும்போது சிக்கலாகத் தோன்றுவது, மூன்றாவது வளைவில் உடம்புக்குப் பிடிபட்டுவிடும். வேகத்தை வளைவுக்குள் நுழைந்த பிறகு குறைக்க முயலாமல், நுழைவதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். மலைப்பாதையில் கார் ஓட்டியவருக்கு இது புதிய செய்தி அல்ல. தலையை முன்னால் வைத்துக் குப்புறப் படுத்து ஓடுவதையும், இரண்டு மூன்று வண்டிகளைக் கயிற்றால் இணைத்து ஓடுவதையும் பிள்ளைகள் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், பேரங்காடியொன்றில் மலிவாகக் கிடைத்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு அயலில் உள்ள மேட்டுக்குப் போனேன். சறுக்குக்கால் இல்லை, திருப்பும் வழி இல்லை, பக்கத்தில் இருந்த இரண்டு கைப்பிடிகள் பிரேக் என்று உறையில் எழுதியிருந்தது. அவை பனியைச் சுரண்டினவே தவிர வேகம் குறையவில்லை. பசு மேயும் நிலத்தின் கம்பிவேலி என்னை நிறுத்தியது. மேற்சட்டை கிழிந்ததோடு தப்பினேன், பார்த்துக்கொண்டிருந்த அயல்வீட்டு முதியவர் தன் ரோடலைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே நான் விவரித்தவற்றில் பாதி அவர் அன்று மாலை கற்றுத்தந்தது. பிளாஸ்டிக் தொட்டிகள் வேலியும் மரமும் இல்லாத, அடியில் தானாகச் சமதரையாகிவிடும் மேடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கானவை.

இனி இடம். நீங்கள் பேர்ணில் இருப்பதால், பனி விழுந்த மறுநாள் நகரத்தின் பக்கத்திலேயே இருக்கும் குர்ட்டன் மலையில் பிரேக் பாடத்தை முடித்துவிடலாம். சூரிச் பக்கத்து உறவினர்களுக்கு ஊட்லிபெர்க் உச்சியிலிருந்து திரியெம்லிவரை இறங்கும் மூன்று கிலோமீற்றர் பாதை உண்டு, உச்சிக்கு ரயிலே போகிறது. இரண்டிலும் குறை ஒன்றுதான்: தாழ்ந்த மலைகளாதலால், ஓடத்தக்க பனி ஆண்டில் சில நாட்களே தங்கும். உண்மையான முதல் நாளுக்கு நான் அனுப்ப விரும்புவது கிரவ்புண்டன் மாநிலத்தில் உள்ள பிரேடா–பெர்கூன் பாதைக்கு. பேர்ணிலிருந்து தூரம்தான், ஓர் இரவு தங்கிவருவதே வசதி. ஆனால் புதியவர்களுக்கு அதைப்போல அமைந்த இடம் வேறில்லை.

அதன் சிறப்பு இதுதான். கோடையில் அல்புலா கணவாய்க்கு வண்டிகள் போகும் நெடுஞ்சாலை குளிர்காலத்தில் மூடப்படுகிறது. மூடிய சாலையின் ஆறு கிலோமீற்றர் நீளத்தைப் பனியைச் சமப்படுத்திச் சறுக்குவண்டிகளுக்கு விட்டுவிடுகிறார்கள். பிரேடாவிலிருந்து பெர்கூன்வரை சுமார் 400 மீற்றர் இறக்கம். அதாவது நூறு மீற்றருக்கு ஏழு மீற்றருக்குள். கார்களுக்காக வெட்டிய சாலையாதலால் திடீர்ச் செங்குத்து எங்கும் இல்லை, வளைவுகள் அகலமானவை. கீழே வந்ததும் ரயிலேறி மறுபடியும் மேலே போகலாம், ஒரு நாளைக்கு எத்தனை தடவையும் ஏறுவதற்கான சீட்டும் தருகிறார்கள். அந்த ரயில் பயணமே தனிக் காட்சி. 1903இல் திறக்கப்பட்ட அல்புலா ரயில்பாதையின் இந்தப் பகுதியில், நேர்க்கோட்டில் ஐந்து கிலோமீற்றரே உள்ள தூரத்தை, ஏற்றத்தைச் சமாளிப்பதற்காகப் பாதை சுருண்டு சுருண்டு பன்னிரண்டு கிலோமீற்றராகக் கடக்கிறது. ஒரே பள்ளத்தாக்கை ஜன்னலின் இடப்பக்கம் ஒரு தடவையும் வலப்பக்கம் ஒரு தடவையும் பார்ப்பீர்கள். 2008இல் இந்தப் பாதை பெர்னினா பாதையோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பல மாலைகளில் சறுக்குப் பாதைக்கு விளக்கும் போடுவார்கள். அதே ஊரில் தார்லுக்ஸ் மலையிலிருந்து இறங்கும் இன்னொரு பாதையும் உண்டு, அது செங்குத்தானது. ஸ்கீ பழகிய பிள்ளைகள் அதற்குத்தான் இழுப்பார்கள், முதல் நாளில் போகாதீர்கள்.

உங்கள் மாநிலத்துக்குள்ளேயே என்றால் கிரிண்டல்வால்ட். அங்கே ஃபவுல்ஹோர்னிலிருந்து ஊர்வரை இறங்கும் 15 கிலோமீற்றர் பாதை புகழ்பெற்றது. ‘பிக் பின்டன்ஃபிரிட்ஸ்’ என்று பெயர். அதன் தொடக்கத்துக்கு லிஃப்ட் கிடையாது. கேபிள்வண்டியின் ஃபர்ஸ்ட் நிலையத்திலிருந்து 2681 மீற்றர் உயரச் சிகரத்தை நோக்கி வண்டியை இழுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் நடக்க வேண்டும். அந்த நடையை விரும்பாதவர்கள் ஊரிலிருந்து பேருந்தில் புஸ்ஆல்ப்வரை போய், பாதையின் கீழ்ப்பாதியை மட்டும் ஓடலாம். ஓரளவு பழகிய பிறகு, இரண்டாவது மூன்றாவது நாளுக்கு இது பொருத்தம். எங்கே போனாலும், ஸ்கீத் தடங்களைப் போலவே சறுக்குவண்டிப் பாதைகளுக்கும் நீலம், சிவப்பு, கறுப்பு என்ற தரம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். நீலத்தில் தொடங்க வேண்டும். ஸ்கீத் தடத்தில் சறுக்குவண்டி ஓட்ட அனுமதி இல்லை.

கிரிண்டல்வால்டுக்குப் போனால் வெலோகெமெலையும் ஒரு தடவை ஓட்டிப்பாருங்கள். சக்கரங்களுக்குப் பதில் இரண்டு மரச் சறுக்குக்கால்கள் பொருத்திய, முழுவதும் மரத்தாலான சைக்கிள் அது. மிதியும் இல்லை, பிரேக்கும் இல்லை. கெமெல் என்றால் அவ்வூர்ப் பேச்சுவழக்கில் சறுக்குவண்டி. 1911இல் அவ்வூரைச் சேர்ந்த கிறிஸ்டியன் பியூல்மான் என்பவர் இதைக் கண்டுபிடித்துக் காப்புரிமையும் பெற்றார். உடற்குறை காரணமாகக் கோடையில் சைக்கிளிலேயே போய்வந்த அவருக்குப் பனிமூடிய தெருவில் நடமாட ஒரு வழி தேவைப்பட்டது. அப்படிப் பிறந்த வண்டி பிறகு தபால்காரர்களுக்கும் வைத்தியர்களுக்கும் உதவியது. இன்று ஊர் ரயில் நிலையத்தில் வாடகைக்குக் கிடைக்கிறது, 1996 முதல் அதற்கென்று உலகப் போட்டியும் அங்கே நடத்துகிறார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார், ஏனெனில் இரண்டு பாதங்களும் எப்போதும் பனியைத் தொட்டபடியே இருக்கும். வேகம் கூடும்போது மட்டும் அது சறுக்குவண்டியைவிட எளிதில் கவிழும்.

இனி ஸ்கீபொப். உங்கள் கேள்வியில் ‘பிள்ளைகளோடு சேர்ந்து’ என்ற பகுதிக்கு முழு விடை இதுதான், ஏனெனில் அனுமதிக்கும் நிலையங்களில் இது லிஃப்டில் ஏறி, அதே ஸ்கீத் தடத்தில் இறங்குகிறது. சைக்கிள் சட்டகம், இருக்கை, கைப்பிடி. முன்னால் திரும்பக்கூடிய ஒரு குட்டை ஸ்கீ, பின்னால் நிலையான ஒன்று. அதோடு உங்கள் பாதங்களிலும் அரை மீற்றர் அளவிலான சின்ன ஸ்கீக்கள். அவற்றின் பின்முனையில் பனியைக் கவ்வும் இரும்புப் பற்கள். ஆக நாலு இடத்தில் பனியைத் தொடுகிறீர்கள், எடையில் பெரும்பகுதியை இருக்கை தாங்குகிறது. நாற்காலிக்கு நாலு கால் இருப்பதுபோலத்தான், விழுவதற்கே முயற்சி தேவைப்படும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்படிப்பட்ட வண்டிக்கு அமெரிக்காவில் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள். விளையாட்டாக வளர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும்தான். பன்னாட்டுக் கூட்டமைப்பு 1961இல் இன்ஸ்புரூக்கில் அமைக்கப்பட்டது, முதல் உலகப் போட்டி 1967இல் ஆஸ்திரியாவின் பாட் ஹொஃப்கஸ்டைனில் நடந்தது. அறுபதுகளில் இது ஸ்கீக்குப் போட்டியாக வரும் என்று எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை. ஸ்கீக்காரர்களின் இளக்காரமும் அதற்கு ஒரு காரணம் என்பேன்: உட்கார்ந்து இறங்குவது கிழவர்களின் வேலை என்ற எண்ணம் இன்றும் உண்டு. நமக்கு அந்தக் கௌரவப் பிரச்சினை இருக்கத் தேவையில்லை.

பழகும் முறை இப்படி இருக்கும். முதலில் சமதரையில் கால்ஸ்கீக்களோடு உந்தி உந்தி ஓட்டுவீர்கள். பிறகு மெல்லிய சரிவில், நேரே கீழ்நோக்கி இறங்காமல், சரிவுக்குக் குறுக்காகப் போய், கைப்பிடியைத் திருப்பி, உடலையும் அந்தப் பக்கம் சாய்த்து, மறுபடி குறுக்காக வருவீர்கள். கைப்பிடியைமட்டும் வெட்டென்று திருப்பினால் முன் ஸ்கீ குத்திக்கொள்ளும். சாய்வுதான் உண்மையில் திருப்புகிறது. நிற்பதற்கு, வண்டியைச் சரிவுக்குக் குறுக்காக, சற்று மேல்நோக்கித் திருப்பிவிட்டு, குதிக்காலின் பற்களை அழுத்த வேண்டும். ஸ்கீ பழகுபவர் முதல் நாள் மாலை இன்னும் பயிற்சிச் சரிவிலேயே நிற்பார். ஸ்கீபொப்பில் இரண்டு மணி நேரப் பாடத்துக்குப் பிறகு பெரும்பாலானோர் நீலத் தடத்தில் மேலிருந்து கீழ்வரை வந்துவிடுகிறார்கள். லிஃப்டில் ஏறுவதுதான் உண்மையில் சங்கடமான பகுதி. வண்டியை எங்கே மாட்டுவது, எப்போது எழுவது என்பதை ஆசிரியரிடம் தனியாகக் கேட்டுப் பழகுங்கள். விழுந்தால் வண்டி தனியாக ஓடி ஒருவரை இடிக்காதபடி அதை உடலோடு பிணைக்கும் வாரை எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். முன்னால் செல்பவருக்கே வழியுரிமை என்பது முதலான, தடத்தில் எல்லோருக்கும் பொதுவான பத்து விதிகள் உங்களுக்கும் பொருந்தும். பிள்ளைகளைக் கேளுங்கள், ஸ்கீலாகரில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இருக்கை இல்லாமல் நின்றபடி ஓட்டும் நவீன வகைகளும் வாடகைக்கு வருகின்றன. அவை மலைச் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கானவை. இருக்கையும் கால்ஸ்கீயும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மற்றது, எல்லா நிலையங்களும் இதை அனுமதிப்பதில்லை, அனுமதிக்கும் இடங்களிலும் சில லிஃப்டுகள் மட்டுமே இதை ஏற்றும். பயணத்துக்கு முன் தொலைபேசியில் விசாரித்துவிடுவது அவசியம். முழங்காலைப் பொறுத்தவரை, கால் நீண்ட பலகையோடு பூட்டப்பட்டு முறுகும் ஆபத்து இதில் மிகக் குறைவு. எனினும் உங்கள் வலி சவ்வு கிழிந்ததாலா, தேய்மானத்தாலா என்று வைத்தியரிடம் கேட்டுவிட்டே ஏறுங்கள்.

பனிக்காலணி மாட்டிக்கொண்டு நடப்பதைப் பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நடக்கத் தெரிந்தால் போதும் என்பது உண்மைதான், அமைதியானது, மலிவானது. ஆனால் அது ஏறும் விளையாட்டு. இறங்குகையில் கிடைக்கும் குதூகலம் அதில் இல்லை, பதின்ம வயதுப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடுவார்கள். போனால் இளஞ்சிவப்புப் பலகை நட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. விலகினால் பனிச்சரிவு ஆபத்தும் உண்டு, குளிர்காலத்தில் காட்டுயிர்களுக்காக ஒதுக்கிய பகுதிகளுக்குள் நுழைந்தால் தண்டமும் உண்டு. லங்லவுஃப் எனப்படும் சமவெளி ஸ்கீ, பார்க்க எளிது. வெட்டிவிட்ட இரட்டைத் தடத்தில் நடப்பதும் எளிதுதான். முதல் சிறு இறக்கம் வந்ததும் அந்த மெல்லிய பலகைக்கு விளிம்பே இல்லை என்பது தெரியவரும். காற்றடைத்த பையில் தலைமுன்னாகப் படுத்து இறங்கும் ஏர்போர்டு இந்த நாட்டிலேயே பிறந்தது, உற்சாகமானது, ஆனால் முதல் நாளுக்கு உரியதில்லை.

உடை பற்றி நம்மவர்களுக்கு மூன்று விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சறுக்குவண்டியில் ஏறாதீர்கள்; பருத்தி ஒருமுறை நனைந்தால் அன்றைக்கு உலராது, பனியில் உட்கார்ந்து பிரேக் போடும் ஆளுக்கு நனையாமல் இருக்கவும் முடியாது. நீர் புகாத ஸ்கீக் காற்சட்டை, கணுக்காலை மூடும் உயரமும் ஆழமான பள்ளங்கள் உள்ள அடியும் கொண்ட சப்பாத்து, தடித்த கையுறை, பனித்துகளைத் தடுக்கும் கண்ணாடி ஆகியவை வேண்டும். தலைக்கவசத்தைப் பிள்ளைகள் ஸ்கீக்குப் போடுகிறார்கள், பெரியவர்கள் ‘சறுக்குவண்டிதானே’ என்று விட்டுவிடுகிறார்கள்; இந்நாட்டு விபத்துத் தடுப்பு ஆலோசனை மையம் சறுக்குவண்டிக்கும் அதைப் பரிந்துரைக்கிறது. வாடகைக் கடையிலேயே கிடைக்கும். மூன்றாவது, வெயில். கறுத்த தோலுக்குக் களிம்பு வேண்டாம் என்பது தவறு. புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது விழுக்காடுவரை திருப்பியடிப்பதால், தாடைக்குக் கீழேயும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும்கூட எரியும்.

காப்புறுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாரம் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஒரே முதலாளியிடம் வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் அந்த வேலையின் வழியாகவே காப்புறுதி உண்டு. வீட்டில் இருக்கும் மனைவிக்கும், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கும், பிள்ளைகளுக்கும் அது கிடையாது. அவர்களுடைய மருத்துவக் காப்புறுதியில் விபத்துப் பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சிக்கனத்துக்காக அதை நீக்கிவிட்டு மறந்துபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். மலையில் ஹெலிகொப்டர் மீட்பு தேவைப்பட்டால் ரேகா எனும் வான்மீட்புச் சேவையின் எண் 1414. கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

முதல் நாளைக் காலை பத்தரை அல்லது பதினொரு மணிக்குத் தொடங்குங்கள். இரவு உறைந்த பாதை அதிகாலையில் கண்ணாடிபோல் இருக்கும், வெயில் ஏறியதும் கொஞ்சம் இளகிப் பிரேக்குக்குப் பிடி கிடைக்கும். மாலை நாலு மணிக்கு மேல் நிழல் விழுந்த வளைவுகள் மறுபடி இறுகத் தொடங்கும். சின்னப் பிள்ளை கூட வந்தால் உங்கள் கால்களுக்கு நடுவே, முன்னால் உட்காரவையுங்கள். இரண்டு மூன்று இறக்கங்களுக்குப் பிறகு தொடைகள் நடுங்கும். பிரேக் போட்ட களைப்பு அது. அடுத்த இறக்கத்துக்கு முன் சூப் ஒன்று குடித்து அரை மணி நேரம் இருப்பது புத்திசாலித்தனம். இந்தத் தடவை பிள்ளைகளும் உங்களோடு அதே மேசையில் இருப்பார்கள்.

பிடித்துப்போய்ச் சொந்தமாக ரோடல் வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் எஃகுப் பட்டைகளை உலர்ந்த துணியால் துடைத்து, மெழுகுதிரித் துண்டொன்றை அவற்றின் மேல் அழுத்தித் தேய்த்து வையுங்கள். ஈரத்தோடு நிலவறையில் போட்டால் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும், துருப்பிடித்த பட்டை அடுத்த தடவை பாதிச் சரிவிலேயே நின்றுவிடும்.